அத்திப்பள்ளிக்கு அந்தப் பக்கம் ஒரு ஃபேக்டரி

ஓசூர்க்காரனிடம் ஃபேக்டரி என்ற சொல்லைக் கொஞ்சம் பார்த்துத்தான் பயன்படுத்த வேண்டும். லாரி செய்கிற ஊர், பைக் செய்கிற ஊர், மாப்பிள்ளைக்கு மாமனார் வாங்கித் தருகிற கைக்கடிகாரம் செய்கிற ஊர். காதலர் தினத்துக்கு விமானம் ஏறிப் போகிற ரோஜாவும் எங்கள் பக்கத்துப் பசுமைக்குடில்களில் பூப்பதுதான். மெட்டீரியல் என்றால் என்ன, ரிஜெக்‌ஷன் என்றால் என்ன, நைட் ஷிஃப்டில் மூன்று மணிக்குக் கண் சொருகும்போது எந்த போல்ட் தப்பிப் போகும் என்பதெல்லாம் எங்களுக்குக் கைப்பழக்கம்.

ஆகவே 2025 மார்ச் 20ஆம் தேதி, கர்நாடக சட்டமன்றத்தில் அப்போதைய கூட்டுறவு அமைச்சர் கே.என். ராஜண்ணா எழுந்து நின்று, கர்நாடகம் சிடி, பென் டிரைவ் ஃபேக்டரியாகிவிட்டது என்று ஊரெல்லாம் பேசுகிறார்கள், கட்சி பேதமில்லாமல் 48 பேர் ‘ஹனி டிராப்’ வலையில் விழுந்திருக்கிறார்கள் என்று சொன்னபோது, பஸ் ஸ்டாண்டுக்கு எதிர் டீக்கடையில் நின்றிருந்த எங்களுக்கு முதலில் வந்தது அதிர்ச்சி இல்லை, தொழில் பொறாமை. 48 பீஸ் என்பது சின்ன ஆர்டர் அல்ல. எந்த சிப்காட்டில் இடம் வாங்கினார்கள்? எத்தனை ஷிஃப்ட்? மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் அனுமதி கொடுத்த மகராசன் யார்?

பக்கத்தில் நின்றவர் என் பழைய லைன் தோழர். கன்னடக்காரர். இருபது வருஷம் அத்திப்பள்ளியிலிருந்து தினம் பஸ் பிடித்து எல்லை தாண்டி வந்து வேலை பார்த்தவர். நானும் அவரும் ஒருவரையொருவர் ‘குரு’ என்றுதான் கூப்பிடுவோம். யார் சீடன் என்பது ரிடையர் ஆகியும் முடிவாகவில்லை. “ஃபேக்டரி நேத்து திறந்ததில்ல குரு,” என்றார், டீயை ஆற்றிக்கொண்டே. “ரொம்பப் பழைய கம்பெனி. நீங்களும் பார்ட்னர்தான்.”

அந்தக் கம்பெனியின் வரலாற்றை யாரும் எழுதி வைக்கவில்லை. அதனால் நான் எழுதுகிறேன்.

முதலில் இடத்தின் மகிமை. ஓசூரில் தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே தெருவில் குடியிருக்கின்றன. கேபிளில் மூன்று மொழிச் செய்தி சேனல்களும் வரும். காவிரிக்காக 2016 செப்டம்பரில் இரண்டு பக்கமும் பஸ்ஸை நிறுத்தி, ஜனங்கள் மூட்டை முடிச்சோடு எல்லையை நடந்தே கடந்த நாட்களில்கூட கிசுகிசுவுக்குத் தடை இருந்ததில்லை. ஜூஜூவாடியில் லாரியை மடக்கி பில் கேட்பார்கள். வதந்தியை மடக்கிக் கேட்க ஆள் இல்லை. இதில் ஒரு வியாபார விதி உண்டு. பக்கத்து மாநிலத்து மந்திரியின் படுக்கையறை என்றால் எல்லாப் பத்திரிகைக்கும் சிங்கத்தின் தைரியம் வந்துவிடும். சொந்த மாநிலத்து மந்திரி என்றால் அதே சிங்கத்துக்குத் திடீரென்று நாகரிகம் நினைவுக்கு வரும். எல்லையில் குடியிருக்கிற நாங்கள் மட்டும்தான் இரண்டு சிங்கங்களையும் ஒரே டிக்கெட்டில் பார்த்தவர்கள்.

உள்ளூர் யூனிட் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் ஊர் என்னை மன்னிக்காது. 1860களில் பிரெட் என்ற வெள்ளைக்காரர் சேலம் கலெக்டர். அவருக்கு நிச்சயமான பெண், இங்கிலாந்தின் கெனில்வொர்த் கோட்டை மாதிரி வீடு கட்டினால்தான் கப்பல் ஏறுவேன் என்றாளாம். மனுஷன் ஓசூரில் அதே மாதிரி ஒரு கோட்டையை எழுப்பினார். பெண் கப்பல் ஏறவே இல்லை என்று முடிப்பார்கள் ஊர்ப் பெரியவர்கள். கதை எவ்வளவு நிஜமோ, கலெக்டரின் காதல் செலவு யார் கணக்கில் ஏறியது என்று கேட்டு எழுத அன்றைக்கு ஒரு பத்திரிகை இல்லாமல் போனது தொழிலுக்குப் பெரிய நஷ்டம். இருந்திருந்தால் மூன்று நாள் தலைப்புச் செய்தி.

தொழிலை முறையாகத் தொடங்கியவர் சென்னைக்காரர். சி.என். லட்சுமிகாந்தன். ‘சினிமா தூது’ என்று பத்திரிகை நடத்தினார். நடிகர், நடிகையரின் அந்தரங்கம்தான் சரக்கு. தியாகராஜ பாகவதர், என்.எஸ். கிருஷ்ணன் போன்றவர்கள் கவர்னர் ஆர்தர் ஹோப்பிடம் மனு கொடுத்து உரிமத்தை ரத்து செய்ய வைத்தார்கள். லட்சுமிகாந்தன் அசரவில்லை. ‘இந்து நேசன்’ என்று இன்னொரு பெயர்ப்பலகையை மாட்டிக்கொண்டு, சினிமாக்காரர்களோடு ஊர்ப் பெரிய மனிதர்களையும் பட்டியலில் சேர்த்துக்கொண்டார். ஒரு லைன் மூடினால் அதே மெஷினில் அடுத்த மாடல். யுத்த காலம், காகிதத்துக்குப் பஞ்சம். அரிசிக்கும் பஞ்சம். கிசுகிசுவுக்கு மட்டும் ரேஷன் இல்லை.

1944 நவம்பர் 8ஆம் தேதி சென்னை வேப்பேரியில் அவரைக் குத்தினார்கள். மறுநாள் இறந்தார். பாகவதரின் ‘ஹரிதாஸ்’ ஓடத் தொடங்கி ஒரு மாதம்கூட ஆகவில்லை. அந்தப் படம் மூன்று தீபாவளி கண்டது. நாயகன் அதில் பெரும்பகுதியை அந்தக் கொலை வழக்கில் சிறையில் கழித்தார். வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போய்த் திரும்பி, 1947 ஏப்ரலில் பாகவதரும் என்.எஸ்.கே.யும் விடுதலையானார்கள். கொலை செய்தது யார் என்பது இன்று வரை நிரூபணம் ஆகவில்லை. பத்திரிகை செத்தது. ‘இந்து நேசன்’ என்ற பெயர் மட்டும் வசவுச் சொல்லாகத் தமிழில் தங்கிவிட்டது. சொந்தத் தயாரிப்பின் பெயரே மொத்தப் பொருளுக்கும் பெயராவது எல்லாக் கம்பெனிக்கும் வாய்க்காது.

அடுத்த கதைக்கு எங்கள் ஊர்க்காரர் ஒருவர் வேண்டியிருக்கிறது. ஓசூரை ஒட்டிய தொரப்பள்ளியில் பிறந்த ராஜாஜி. 1949இல் அவர் இந்தியாவின் கவர்னர் ஜெனரல். மே மாதம் திருவண்ணாமலைக்கு வந்தார். அங்கே அவரை பெரியார் தனியாகச் சந்தித்துப் பேசினார். அரசியலில் எதிரி, தனி வாழ்க்கையில் சிநேகிதர் என்கிற இந்த இரண்டு கிழவர்களின் உறவு தமிழ்நாட்டின் பாதி வம்புகளுக்கு மூலதனம். என்ன பேசினார்கள்? கட்சிக்காரர்கள் துடித்தார்கள். வெளிப்படையாகச் சொல்லுங்கள் என்று மேடையிலேயே கேட்டார் அண்ணா. அது சொந்த விஷயம் என்றார் பெரியார். ‘சொந்த விஷயம்’ என்று ஒரு தலைவர் சொன்னால் பொதுமக்களுக்கு அதைவிடப் பொதுவான விஷயம் வேறு இருக்க முடியுமா?

ஜூன் மாதம் உடைந்தது. உடைத்தது எதிரிப் பத்திரிகை அல்ல, ஒளிந்திருந்து எடுத்த போட்டோவும் அல்ல. பெரியாரே தன்னுடைய ‘விடுதலை’யில் எழுதினார். தனக்குப் பின் இயக்கத்தையும் சொத்தையும் காக்க நம்பிக்கையான வாரிசு தேவை, அதற்காக மணியம்மையைச் சட்டப்படி மணக்கப் போகிறேன் என்று. மாப்பிள்ளை எழுபதை நெருங்கியவர்; பெண் முப்பதையொட்டியவர். வயதுக்கு ஒவ்வாத திருமணத்தை ஊர் ஊராகக் கண்டித்துப் பேசிய இயக்கம் அது. தொண்டர்களுக்குத் தலை சுற்றியது. ஜூலை 9ஆம் தேதி பதிவுத் திருமணம் முடிந்தது. அண்ணாவின் ‘திராவிட நாடு’, வருந்தி விலகியவர்களின் கண்ணீரை அச்சடித்தது. அந்தக் கண்ணீரையே பெயராக்கி, ‘கண்ணீர்த்துளிகள்’ என்று விலகியவர்களை அழைத்தார் பெரியார். செப்டம்பர் 17, பெரியாரின் பிறந்தநாள் அன்றே தி.மு.க. பிறந்தது. ஒரு கல்யாணச் செய்தியில் கிளம்பிய கட்சி பதினெட்டு வருஷத்தில் கோட்டையைப் பிடித்தது. கல்யாணத்தில் சண்டை போட்டுக்கொண்டு போன சம்பந்தி வீட்டார் இவ்வளவு முன்னேறிய வரலாறு உலகில் உண்டா தெரியவில்லை.

இதில் மாட்டிக்கொண்டவர் தொரப்பள்ளிக்காரர்தான். கழகத்தை உடைக்க ராஜாஜி போட்ட சதி, அந்தக் குல்லுகபட்டர்தான் இந்த யோசனையைக் கொடுத்தார் என்று பல வருஷம் மேடையில் முழங்கினார்கள். பெரியார் போன பிறகு கி. வீரமணி ராஜாஜியின் கடிதத்தை வெளியிட்டார். பார்த்தால், வேண்டாம் இந்த வயதில் இது என்று தடுத்து எழுதியவரே ராஜாஜி! அந்தரங்கம் என்று குறித்த கடிதம் என்பதால், அத்தனை ஏச்சுக்கும் நடுவில் அதை எடுத்துக் காட்டித் தன் சிநேகிதரைக் காப்பாற்றவில்லை பெரியார். ராஜாஜியும் வாய் திறக்கவில்லை. ‘கான்ஃபிடென்ஷியல்’ என்று எழுதினால் கான்ஃபிடென்ஷியலாகவே இருந்த காலம். இப்போது அப்படி எழுதினால் வாட்ஸ்அப்பில் இன்னும் வேகமாகப் போகும்.

போட்டோ வந்ததும் தொழில் நவீனமானது. 1978இல் டெல்லியில் மேனகா காந்தி ஆசிரியராக இருந்த ‘சூர்யா’ பத்திரிகை, பாதுகாப்பு அமைச்சர் ஜெகஜீவன்ராமின் மகனுடைய அந்தரங்கப் படங்களை அச்சிட்டது. மகன் போட்டோவில், அப்பாவின் பிரதமர் கனவு குப்பையில். அதே 1978இல் இங்கே ஜெயலலிதா ‘குமுத’த்தில் தன் வாழ்க்கையைத் தானே தொடராக எழுதினார். வாரா வாரம் ஊர் காத்திருந்தது. தொடர் பாதியிலேயே நின்றது. தமிழ்நாட்டில் அந்தரங்கச் செய்தியில் எப்போதும் பரபரப்பானது அச்சான அத்தியாயம் இல்லை, நின்றுபோன அத்தியாயம்தான்.

நின்றுபோனதைச் சொல்ல நாங்கள் தனி மொழியே கண்டுபிடித்தோம். ‘அந்த மூன்றெழுத்து நடிகர்’, ‘ஆற்றங்கரை மாவட்டத்து மாண்புமிகு’, ‘பூப் பெயர் கொண்ட பாடகி’. பெயரைப் போடாமலே தாலுகா முழுக்கத் தெரிய வைக்கிற பொறியியல் இது. வக்கீல் நோட்டீஸ் அனுப்ப வேண்டுமானால் ‘அந்த மாண்புமிகு நான்தான்’ என்று அவரே எழுதிக் கொடுக்க வேண்டும். எந்த மடையன் எழுதுவான்? குருவிடம் இதை ஒருமுறை விளக்கினேன். “எங்க ஆளுங்களுக்கு இவ்வளவு பொறுமை இல்ல குரு,” என்றார். “நேரா வீடியோதான்.”

ஆனால் தொழிலுக்குச் சட்டம் எழுதிக் கொடுத்தது நம் பக்கம்தான். ஓசூர் 1965 வரை சேலம் மாவட்டம். அந்தச் சேலம் சிறையில்தான் 1995 ஏப்ரல் 27ஆம் தேதி ஆட்டோ சங்கரைத் தூக்கிலிட்டார்கள். உயிரோடு இருந்தபோது அவர் எழுதிய சுயசரிதையில், தன் விபசார, சாராயத் தொழில்களில் கைநனைத்த பெரிய அதிகாரிகளின் சங்கதி இருந்தது. ‘நக்கீரன்’ வெளியிட முனைந்தது. அதெல்லாம் பொய், போடாதே என்று சிறைத்துறை மேலிடத்திலிருந்து கடிதம் வந்தது. விஷயம் உச்ச நீதிமன்றம் போனது. 1994 அக்டோபரில் நீதிபதி ஜீவன் ரெட்டி அமர்வு சொன்னதன் சாரம் இது. தனி மனிதருக்கு அந்தரங்க உரிமை உண்டு. ஆனால் பதவியில் இருப்பவர் பதவி சார்ந்து செய்ததை அந்தத் திரைக்குப் பின்னால் ஒளிக்க முடியாது. அச்சாகும் முன்பே நிறுத்த அரசுக்கோ அதிகாரிகளுக்கோ அதிகாரமில்லை, அவதூறு என்றால் வந்த பிறகு வழக்குப் போடு. ஒரு தொடர் கொலைகாரனின் நோட்டுப் புத்தகத்திலிருந்து நாட்டின் அந்தரங்கச் சட்டம் முளைத்தது. சட்டக் கல்லூரிகளில் இதைச் சிரிக்காமல் நடத்துகிறார்கள்.

தொலைக்காட்சி வந்தபிறகு மூன்று மொழி கேபிளில் எங்களுக்குத் தினமும் திருவிழா. முதல் ரிலீஸ் தெலுங்கில். 2009 டிசம்பரில் ஆந்திர கவர்னர் என்.டி. திவாரி, வயது 84, ராஜ்பவனில் பெண்களோடு இருப்பதாக ஒரு காட்சியை ஏபிஎன் ஆந்திரஜோதி போட்டது. உயர் நீதிமன்றம் ஒளிபரப்பை நிறுத்தியது. பொய் என்று மறுத்த கவர்னர், அடுத்த நாளே உடல்நலக் காரணம் சொல்லி ராஜினாமா செய்தார். டீக்கடையில் உடல்நலம் என்ற சொல்லுக்கு ஒரு வாரம் தனி மரியாதை கிடைத்தது.

மூன்று மாதத்தில் தமிழ். 2010 மார்ச் 2ஆம் தேதி இரவு சன் தொலைக்காட்சியில் சாமியார் நித்யானந்தரின் வீடியோ. கம்பெனி சென்னை, பிளான்ட் கர்நாடகத்தில் அவர் ஆசிரமம் இருந்த பிடதி. டொயோட்டா கார் தயாராகிற அதே பிடதி. அவர் அரசியல்வாதி இல்லையே என்று கேட்பவர்களுக்கு: பின்னாளில் நாட்டை விட்டுப் போய் கைலாசா என்று தனி நாடே அறிவித்தார். ராஷ்டிரபதியாகவே சேர்த்துக்கொள்ளலாம். அந்த வாரம்தான் குரு முதன்முறையாக என்னிடம் புகார் சொன்னார். “திருவண்ணாமலை ஆள், சென்னை சேனல், ஆனா ஊரெல்லாம் கர்நாடகா கர்நாடகான்னு பேசறாங்க. இது நியாயமா குரு?” நியாயமில்லைதான். ஆனால் அசெம்பிளி ஆன இடத்தின் பெயரைத்தான் பெட்டியில் அச்சடிப்பார்கள்.

கர்நாடகம் தன் சொந்தப் பெயரில், சொந்தக் கட்டடத்துக்குள், வெளி சப்ளையர் உதவி இல்லாமல் உற்பத்தி செய்த சரக்கு 2012 பிப்ரவரி 7ஆம் தேதி வந்தது. இடம் சட்டமன்றம். சபை நடந்துகொண்டிருக்கிறது. கூட்டுறவு அமைச்சர் லட்சுமண் சவதி கையில் ஒரு செல்போன். பக்கத்தில் பெண்கள், குழந்தைகள் நல அமைச்சர் சி.சி. பாட்டீல், கழுத்தை வளைத்து. செல்போன் மூன்றாமவருடையது: துறைமுக அமைச்சர் கிருஷ்ண பாலேமார். திரையில் ஓடியது ஆபாசப் படம். மேலே மாடத்திலிருந்து தனியார் சேனல் கேமரா அந்தச் சின்னத் திரையை ஜூம் போட்டு எடுத்துவிட்டது. மக்கள் நலத்தை இவ்வளவு ஒருமுகமாக ஒரு அமைச்சர் கவனித்து யாரும் பார்த்ததில்லை. பெண்கள் எப்படி உடுத்த வேண்டும் என்று சில வாரங்களுக்கு முன்புதான் பாட்டீல் கருத்துச் சொல்லியிருந்தார். உடுப்பி பக்கத்துத் தீவில் நடந்த ரேவ் பார்ட்டி பற்றி விவாதம் இருந்தது, அதற்குத் தயாராகத்தான் பார்த்தோம் என்பது சவதியின் விளக்கம். வீட்டுப்பாடம்! தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் பட்ஜெட் புத்தகத்தைப் பிரிக்காமலே கை தட்டுகிறவர்களை நினைத்து எங்களுக்கு அன்று வெட்கமாக இருந்தது.

மறுநாள் மூவரும் ராஜினாமா. அன்றைக்கு எங்கள் கேண்டீனில் ஒருவர்கூட செல்போனைத் தட்டுக்குப் பக்கத்தில் வைக்கவில்லை.

ரிஜெக்‌ஷன் ஆன பீஸை நாங்கள் சிவப்பு டிரேயில் போடுவோம். ஸ்கிராப்பா, ரீவொர்க்கா என்று குவாலிட்டிக்காரர் முடிவு செய்வார். அரசியலில் ஸ்கிராப் கிடையாது. எல்லாம் ரீவொர்க். சவதி 2018 தேர்தலில் தோற்றார். 2019 ஆகஸ்டில் துணை முதல்வர் ஆனார். ஜெயித்திருந்தால் என்ன கொடுத்திருப்பார்களோ! அதே அமைச்சரவையில் பாட்டீலும் திரும்ப வந்தார். 2023இல் சவதி பா.ஜ.க.விலிருந்து காங்கிரசுக்குப் போய் அங்கே ஜெயித்தார். ரீவொர்க் செய்த பீஸை வேறு பிராண்ட் ஸ்டிக்கர் ஒட்டி விற்கலாம் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. இன்னொன்று: இவர்கள் திரும்பி வந்த இரண்டாவது மாதம், 2019 அக்டோபரில், சட்டமன்றத்துக்குள் தனியார் தொலைக்காட்சி கேமராக்களுக்குச் சபாநாயகர் தடை போட்டார். 2012தான் காரணம் என்று யாரும் சொல்லவில்லை. 

2016 டிசம்பரில் கலால் அமைச்சர் எச்.ஒய். மேட்டி ஒரு வீடியோவுக்காகப் பதவி இழந்தார். அது நானில்லை என்றார், விசாரணையும் அவரை விட்டுவிட்டது, 2023இல் மறுபடி எம்.எல்.ஏ. மாதிரிக்கு ஒன்று காட்டினால் போதும், மேலே போகலாம்.

2021தான் கம்பெனியின் பொற்காலம். ஜனவரியில் அப்போதைய முதல்வர் எடியூரப்பா அமைச்சரவையை விரித்தபோது, சிடியைக் காட்டி மிரட்டியவர்களுக்குப் பதவி கொடுத்தார்கள் என்று அவர் கட்சி எம்.எல்.ஏ. பசனகவுடா யத்னாலே குமுறினார். சாதிக் கோட்டா, மாவட்டக் கோட்டா தெரியும். சிடி கோட்டா என்று ஒன்றை அன்றுதான் கேள்விப்பட்டோம். மார்ச் 2ஆம் தேதி நீர்வளத்துறை அமைச்சர் ரமேஷ் ஜார்கிஹோளியின் வீடியோ என்று சேனல்கள் போட்டுத் தாளித்தன. போலி, சதி என்றார் அவர். மறுநாள் ராஜினாமா. பின்னால் விசாரணைக் குழு வழக்கை முடித்துக்கொள்ளச் சொல்லி அறிக்கை கொடுத்தது. 2023இல் அவரும் கோகாக்கில் ஜெயித்து வந்தார். ஆனால் அந்த மார்ச்சில் ஓசூர் டீக்கடைக்கு இருந்த கவலை வேறு. நீர்வளத்துறை என்றால் காவிரி, காவிரி என்றால் மேகதாது. “ஃபைல் யார் மேஜையில இருக்கு இப்போ?” என்று ஒரு பெரியவர் கேட்டார். வீடியோவைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல் அணையைப் பற்றிக் கேட்ட ஒரே மனிதர் அவர். அவருக்கு மல்லிகைத் தோட்டமும் கிணறும் உண்டு.

பிறகு நடந்ததை எந்தத் திரைக்கதை ஆசிரியரும் எழுதத் துணிய மாட்டார். வீடியோ வந்த நாலாம் நாள், ஆறு அமைச்சர்கள் பெங்களூர் நீதிமன்றத்துக்குப் போய், எங்களைப் பற்றி அவதூறாக எதையும் போடக் கூடாது என்று 68 ஊடகங்களுக்கு இடைக்காலத் தடை வாங்கினார்கள். கவனியுங்கள், அவர்களைப் பற்றி யாரும் எதுவும் போடவில்லை. மழைக்கு முன்னே குடை, குடைக்கு முன்னே கோர்ட் ஆர்டர். ஆறு பேரும் 2019இல் கட்சி தாவி மும்பை ஓட்டலில் தங்கிய கோஷ்டி. ஆட்டோ சங்கர் தீர்ப்பில் அச்சாகும் முன்பே நிறுத்தாதே என்று அதிகாரிகளிடம் சொன்னதை, இவர்கள் கோர்ட் வாசல் வழியாகவே சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். “எங்கப்பன் குதிருக்குள் இல்லை என்பதற்குக் கன்னடத்தில் என்ன சொல்வீர்கள்?” என்று குருவைக் கேட்டேன். “கும்பளக்காய் கள்ள அந்த்ரே, ஹெகலு முட்டி நோடிகொண்டா” என்றார். பூசணிக்காய் திருடன் என்று சும்மா சொன்னாலே ஒருவன் தன் தோளைத் தட்டிப் பார்த்துக்கொள்கிறானாம்.

சட்டமன்றத்தில் எதிர்க்கட்சி பிடித்துக்கொண்டது. ஆறு பேரில் ஒருவரான சுகாதார அமைச்சர் சுதாகருக்குப் பொறுக்கவில்லை. 225 உறுப்பினர்களையும் விசாரியுங்கள், யார் யாருக்குக் கள்ள உறவு, யார் ஏகபத்தினி விரதன் என்று வெளியே வரட்டும் என்று சவால் விட்டார். கொரோனா இரண்டாம் அலை வாசலில் நிற்கிறது. சுகாதார அமைச்சர் கற்புக்குப் பரிசோதனை முகாம் கேட்கிறார். சபையே குதித்தது. எனக்கு ஒரே மனைவி, ஒரே குடும்பம் என்று காங்கிரசின் டி.கே. சிவகுமார் பகிரங்கமாக அறிவித்தார். தேர்தல் கமிஷன் கேட்கிற பிரமாணப் பத்திரத்தில் இந்த வரிக்கு இடமில்லாதது அவர் குற்றம் அல்ல. பின்பு சுதாகர் வருத்தம் தெரிவித்தார். வைரஸுக்காக அல்ல, விரதத்துக்காக.

இனி கொஞ்ச தூரம் சிரிக்க ஒன்றுமில்லை.

2023 ஜூனில் ஹாசன் எம்.பி. பிரஜ்வல் ரேவண்ணா, தேவகவுடாவின் பேரன், அதே மாதிரி ஒரு தடை வாங்கினார். இந்த முறை 86 ஊடகங்கள். 68ஐத் திருப்பிப் போட்டால் 86. குருதான் இதைக் கண்டுபிடித்துச் சொன்னார். பத்து மாதம் அந்தத் தடைக்குப் பின்னால் இருந்தது என்ன என்று 2024 ஏப்ரலில், வாக்குப்பதிவுக்குச் சில நாள் முன்பு, ஹாசனில் பென் டிரைவ்களாகக் கொட்டியது. எங்கள் பழைய லைன் வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு துண்டை அனுப்பினார்கள். பெண்களின் முகத்தை மறைக்கக்கூட இல்லை. குருவின் மனைவிக்கு ஹாசன் பக்கம். “பார்த்தா யாராவது தெரிஞ்ச முகம் வந்துடுமோன்னு பயமா இருக்கு” என்று எழுதிவிட்டு அவர் குழுவை விட்டு வெளியேறினார். அதற்குக் கீழே ஒருவர் கைகூப்பும் பொம்மையைப் போட்டார். பிரஜ்வல் ஜெர்மனிக்குப் போனார், மே 31ஆம் தேதி திரும்பி பெங்களூர் விமான நிலையத்தில் கைதானார், 2025 ஆகஸ்டில் வீட்டு வேலைக்காரப் பெண்ணைப் பாலியல் வன்கொடுமை செய்த வழக்கில் ஆயுள் தண்டனை பெற்றார். அதைச் சில சேனல்கள் அப்போதும் ‘செக்ஸ் ஸ்கேண்டல்’ என்றுதான் ஓட்டின. மேட்டிக்கும் இதற்கும் ஒரே லேபிள். எங்கள் ஷெட்டில் ஆயில் டப்பாவுக்கும் ஆசிட் டப்பாவுக்கும் ஒரே லேபிள் ஒட்டியிருந்தால் சூப்பர்வைசருக்கு அன்றைக்கே மெமோ.

இந்த வரலாற்றில் அமைச்சர்களின் பெயர், துறை, தேதி எல்லாம் எனக்கு மனப்பாடமாக வந்தது. அந்த வீடியோக்களில் வந்த பெண்களின் பெயரை நான் எழுதவில்லை. கேபிள்காரர்கள் எழுதினார்கள். ரீவொர்க் டிரேயில் அவர்களில் ஒருவரையும் நான் பார்க்கவில்லை.

மறுபடி 2025 மார்ச்சுக்கு வருவோம். ராஜண்ணா 48 என்று சொன்ன மறுநாள், மார்ச் 21. யார் அந்த 48 பேர், நீதி விசாரணை வை என்று பா.ஜ.க. உறுப்பினர்கள் சபாநாயகர் யு.டி. காதரின் மேடை வரை ஏறினார்கள். ஆளும் கட்சியின் இட ஒதுக்கீட்டு மசோதா மீதும் அவர்களுக்கு ஆத்திரம். மசோதா நகலைக் கிழித்துச் சபாநாயகர் மீது வீசினார்கள். 18 பேர் ஆறு மாதம் சஸ்பெண்ட். மார்ஷல்கள் ஒவ்வொருவராகத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஆறு மாதம் முடியும் முன்பே மே மாதத்தில் எல்லாருக்கும் மன்னிப்பு. அதுவும் ரீவொர்க்.

அன்று டீக்கடை டிவியில் காகிதத் துண்டுகள் பறந்து பறந்து விழுவதையே திரும்பத் திரும்பக் காட்டினார்கள். இந்து நேசன் காலத்துக் காகிதத்தில் தொடங்கி, போட்டோ, கேசட், சிடி, பென் டிரைவ் என்று எத்தனையோ மாடல் மாற்றி, கடைசியில் மறுபடி காகிதத்துக்கே வந்துவிட்டார்களே என்றேன் குருவிடம்.

அவர் டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். அத்திப்பள்ளி பஸ் ஹாரன் அடித்தது.

“கிழிச்சதெல்லாம் ஜெராக்ஸ் குரு,” என்றார் ஏறிக்கொண்டே. “ஒரிஜினல் பத்திரமா இருக்கும்.”